இமாம் கஸ்ஸாலி

செம்பைப் பொன்னாக மாற்றும் வித்தையை இரசவாதம் என்பர். நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் இவ்வித்தையை நாடி வாழ்நாளைப் போக்கியவர் பலர். பச்சிலைகளைப் பிழிந்தும், பாதரசத்தைப் புடமிட்டும், உலைமுன் அமர்ந்து இரவு பகலாக ஊதியும் அவர்கள் கண்ட பயன் பெரும்பாலும் புகையால் சிவந்த கண்களே. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் பாரசீக நாட்டில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவர், இவ்வித்தையின் பெயரையே தம் நூலொன்றுக்குச் சூட்டினார். ‘கீமியாயே சஆதத்’ என்பது அந்நூலின் பெயர். இன்பத்தின் இரசவாதம் என்பது அதன் பொருள். மனித உள்ளமாகிய செம்பைப் பொன்னாக்குவது எங்ஙனம் என்பதே அந்நூலில் ஆராயப்பெறுவது. அதனை எழுதியவர் ஏட்டறிவைக் கொண்டு மட்டும் எழுதவில்லை. தம் உள்ளத்தையே முதலில் உலையிலிட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். அவரை முஸ்லிம் உலகம் இமாம் கஸ்ஸாலி என்றும், இஸ்லாத்தின் சான்று எனப் பொருள்படும் ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ என்றும் போற்றுகின்றது.

அவருடைய இயற்பெயர் முகம்மது. அபூ ஹாமித் என்றும் அவரை வழங்குவர். பாரசீகத்தின் வடகிழக்குப் பகுதியாகிய குராசானில், இன்றைய மஷ்ஹத் நகருக்கு அருகில், தூஸ் என்னும் பழம்பெரு நகரம் இருந்தது. ‘ஷாநாமா’ என்னும் பெருங்காப்பியம் பாடிய பிர்தௌசி பிறந்த மண் அது. அங்கு 1058 ஆம் ஆண்டளவில் கஸ்ஸாலி பிறந்தார். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தாம் கல்லாதவராயினும் கற்றோர் அவையிற் சென்று அமர்ந்து கேட்பதில் அவருக்குத் தீராத வேட்கை. தாம் இழந்த கல்வியைத் தம் மக்களாவது பெறவேண்டும் என்று அவர் ஏங்கினார். இறக்குந் தறுவாயில், முகம்மது, அகமது என்னும் தம் மைந்தர் இருவரையும், சேர்த்து வைத்திருந்த சிறு பொருளையும் சூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அப்பொருள் முழுவதையும் அவர்கள் கல்விக்கே செலவிடுமாறு வேண்டிக்கொண்டு கண்மூடினார்.

நண்பர் சொல் தவறாதவர். ஆயினும் பொருள் சிறிதாகலின் விரைவில் தீர்ந்து போயிற்று, அவரும் வறியவர். வேறு வழியின்றிச் சிறுவர் இருவரையும் உணவும் உறையுளும் தந்து கல்வி கற்பிக்கும் மதரஸா ஒன்றிற் சேர்த்துவிட்டார். வயிற்றுக்காகவே தாம் கல்விச்சாலையின் வாயிலை மிதித்ததைக் கஸ்ஸாலி பிற்காலத்தில் மறைக்கவில்லை. இறைவனுக்காக அன்றி வேறொன்றுக்காகத் தாம் கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ இறைவனுக்கே உரியதாய் இருக்க விரும்பித் தம்மை விடாது பற்றிக்கொண்டதாகவும் அவர் நினைவு கூர்ந்தாராம்.

இளமையில் அவருக்கு நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று சுவையானது. ஜுர்ஜான் என்னும் ஊரில் ஆசிரியர் ஒருவரிடம் பயின்று, பாடங்களையெல்லாம் குறிப்புகளாக எழுதிக்கொண்டு தூஸ் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியிற் கொள்ளையர் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு சென்றனர். கஸ்ஸாலி உயிருக்கு அஞ்சாமல் அவர்களைப் பின்தொடர்ந்து ஓடினார். தம் துணிமணிகளை அவர் கேட்கவில்லை. குறிப்பேடுகளை மட்டும் தருமாறு மன்றாடினார். அவற்றிலேயே தம் அறிவு முழுவதும் இருப்பதாகக் கூறினார். கொள்ளைத் தலைவனுக்குச் சிரிப்பு வந்தது. கள்வன் எடுத்துச் சென்றால் போய்விடும் அறிவும் ஓர் அறிவா என்னும் பொருள்பட அவன் ஏளனம் செய்து, ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த ஏளனம் மாணவர் நெஞ்சில் தைத்தது. ஊர் சேர்ந்தபின் மூன்று ஆண்டுகள் முயன்று அவ்வளவையும் மனப்பாடம் செய்தார். கள்வனிடமும் பாடம் கேட்ட மாணவர் இவர்! ஆயினும் அறிவை நினைவில் ஏற்றுதல் வேறு, வாழ்வில் ஏற்றுதல் வேறு என்பதை உணர அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பின்னர் அவர் நைசாப்பூர் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த இறையியல் அறிஞராகிய ஜுவைனியிடம் பயின்றார். 1085 ஆம் ஆண்டில் ஆசிரியர் மறையவே, செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் பாசறையை அடைந்தார். அவ்வமைச்சர் கற்றோரைப் போற்றுபவர்; அவர் அவையில் நாள்தோறும் அறிஞர்கள் சொற்போர் புரிந்தனர். இளைஞராகிய கஸ்ஸாலி பலரை அங்கு வென்றார். 1091 ஆம் ஆண்டில் அமைச்சர் அவரைப் பாக்தாத் நகரின் நிஜாமிய்யா கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 33 அளவே.

அந்நாளைய முஸ்லிம் உலகில் அதனினும் உயர்ந்த ஆசிரியப் பதவி ஒன்றில்லை எனலாம். முந்நூறு மாணவர்கள் அவரைச் சூழ்ந்திருந்து பாடம் கேட்டனர். கலீபாவின் அரண்மனையிலும் சுல்தானின் அவையிலும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அவர் பாக்தாதுக்குள் நுழைந்தபோது அணிந்திருந்த உடையையும் ஏறிவந்த ஊர்தியையும் கண்டோர் 500 தீனார் என்று மதிப்பிட்டனராம். கம்பளி நூற்றவர் மகனுக்கு இது பெருவாழ்வன்றோ! அக்கால அறிஞராகிய அப்துல் காபிர் என்பவர் கஸ்ஸாலியை நன்கு அறிந்தவர். அக்காலத்துக் கஸ்ஸாலியிடம் செருக்கும், பிறரை இகழ்ந்து நோக்கும் இயல்பும் மிகுந்திருந்தன என்று அவர் எழுதி வைத்துள்ளார். பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய குறிப்புகளை விட்டுவிடுதல் வழக்கம். விட்டுவிட்டால், பின்னால் நிகழ்ந்த மாற்றத்தின் அருமை நமக்கு விளங்காது.

வெளியே இவ்வாறு புகழ் வளர்ந்துகொண்டிருக்க, உள்ளே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. எதனையும் ஆராயாமல் ஏற்பதில்லை என்பது கஸ்ஸாலிக்கு இளமை முதலே அமைந்த இயல்பு. கிறித்தவர் வீட்டுக் குழந்தை கிறித்தவனாகவும், யூதர் வீட்டுக் குழந்தை யூதனாகவும், முஸ்லிம் வீட்டுக் குழந்தை முஸ்லிமாகவும் வளர்வதை அவர் கண்டார். அங்ஙனமாயின் தாம் கொண்டுள்ள நம்பிக்கை தாமே கண்டறிந்ததா, தந்தையிடமிருந்து வந்த சொத்தா என்னும் வினா எழுந்தது. ஐயத்துக்கு இடமில்லாத அறிவு எது என்று தேடலானார். கண்ணை நம்பலாமா என்று பார்த்தார். விண்மீன் கண்ணுக்குப் பொற்காசளவே தோன்றுகின்றது. கணித நூலோ அது நிலவுலகினும் பெரிது என்று காட்டுகின்றது. கண் பொய்த்தது, அதைப் பொய்யென்று காட்டியது அறிவு. அந்த அறிவையும் பொய்யென்று காட்டவல்ல வேறொன்று அதற்கும் மேலே இல்லை என்பதற்கு என்ன உறுதி? கனவு காண்பவன் கனவை மெய்யென்றே எண்ணுகிறான். விழித்த பின்னரே பொய்யென்று அறிகிறான். இவ்வாழ்வும் ஒரு கனவாயிருந்தால்? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இவ்வையம் அவரை நோய்போல் வாட்டியது. இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினாலேயே அந்நோய் தீர்ந்ததாகவும், வாதங்களை அடுக்கியதனால் தீரவில்லை என்றும் அவர் தம் வரலாறாகிய ‘அல் முன்கித்’ என்னும் நூலிற் குறித்துள்ளார்.

ஐயம் தீர்ந்தபின் மெய்ப்பொருளைத் தேடுவோர் ஒவ்வொரு கூட்டத்தாரையும் ஆராயத் தொடங்கினார். கிரேக்க வழிவந்த தத்துவ நூல்களை, மாணவர்க்குப் பாடஞ்சொல்லி எஞ்சிய நேரத்தில், ஆசிரியர் துணையின்றித் தாமே இரண்டு ஆண்டுகளுக்குள் கற்றார். பிறகு அத்தத்துவவாதிகளை மறுத்துத் ‘தஹாபுத்துல் பலாசிபா’ என்னும் நூலை எழுதினார். அதில் 20 கொள்கைகளை எடுத்து மறுக்கின்றார். அவற்றுள் மூன்றைக் கொண்டவர் இஸ்லாத்துக்குப் புறம்பானவர் என்றே தீர்ப்புக் கூறுகின்றார். இத்தீர்ப்பு மிகக் கடுமையானது என்று கருதுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆனால் அதே நூலில், சந்திர சூரிய கிரகணங்களைப் பற்றிய கணிதத்தை எவரும் மறுக்கலாகாது என்றும், சமயத்தைக் காப்பதாக எண்ணி அதனை மறுப்பவர் சமயத்துக்கே தீங்கு செய்பவர் என்றும் அவர் எழுதியிருப்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

எல்லா வழிகளையும் ஆராய்ந்தபின் இறுதியில் சூபிகளின் நூல்களைப் படித்தார். அங்கேதான் அவர் இடறி நின்றார். மற்றவற்றைப் படித்தால் அறிந்துகொள்ளலாம். இதை வாழ்ந்தால் அன்றி அறிய முடியாது என்று கண்டார். உடல்நலத்தின் இலக்கணத்தைப் படித்து வைத்திருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு. மயக்கத்தின் இலக்கணத்தைக் குடியன் அறியான். ஆயினும் அவன் மயங்கியிருக்கிறான். மருத்துவன் அறிவான், ஆயினும் அவனிடம் மயக்கமில்லை. நோயுற்ற மருத்துவனோ உடல்நலம் இன்னதென்று அறிந்தும் நலமின்றிக் கிடக்கிறான். தம் நிலை அந்நோயாளி மருத்துவனின் நிலையே என்று கஸ்ஸாலிக்குத் தோன்றியது.

அவர் தம்மைத் தாமே ஆராய்ந்தார். தொழுகை தவறவில்லை, நோன்பு தவறவில்லை. சமய விதிகளையெல்லாம் பிறருக்கும் போதித்து வந்தார். ஆனால் இவற்றை இயக்குவது எது? பாடஞ்சொல்வது இறைவனுக்காகவா, புகழுக்காகவா? அமைச்சரும் அரசரும் வியக்கவேண்டும் என்னும் ஆசை தம் கல்வியின் வேர்வரை ஓடியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். இடிந்துவிழும் நிலையிலுள்ள ஆற்றங்கரையில் நிற்பவன் போலத் தாம் நிற்பதாக உணர்ந்தார். அந்நகரைவிட்டு நீங்குவதென ஒருநாள் முடிவு செய்வார்; மறுநாள் அம்முடிவைக் கைவிடுவார். ஒரு காலை முன்வைப்பார்; மற்றொரு காலைப் பின்வாங்குவார். காலையில் தோன்றிய துறவு வேட்கையை மாலையில் ஆசைகளின் படை வந்து சிதறடிக்கும்.

1095 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய இப்போராட்டம் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. ஒருநாள் மாணவர்முன் பாடஞ்சொல்ல அமர்ந்தார், நா எழவில்லை. தம்மைத் தேடி வந்தோர் மனமகிழ ஒரு நாளேனும் பாடம் நடத்தவேண்டும் என்று முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. சொல்லையே படைக்கலமாகக் கொண்டு நூறு அவைகளை வென்ற நாவுக்கு நேர்ந்த நிலை இது! துயரம் உடலையும் பற்றியது. உண்ட உணவு செரிக்கவில்லை, நீரும் இறங்கவில்லை. நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்தது, உள்ளத்தின் கவலை தீர்ந்தாலன்றித் தீராது என்று கூறி மருத்துவர் கைவிட்டனர். செயலற்றுப் போன கஸ்ஸாலி, வேறு புகல் இல்லாதவன் இறைவனிடம் அடைக்கலம் புகுவதுபோலப் புகுந்தார். அதன்பின் புகழையும் பொருளையும் உற்றாரையும் பிரிவது தமக்கு எளிதாயிற்று என்று அவர் எழுதுகின்றார்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் பாக்தாதை விட்டு நீங்கினார். மக்களின் உணவுக்கு வேண்டிய அளவை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பொருளையெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். சிரியாவுக்குச் செல்வதே அவர் எண்ணம். ஆயினும் கலீபாவும் நண்பர்களும் தடுப்பர் என்று அஞ்சி, மக்காவுக்குப் புறப்படுவதாகவே வெளியிற் சொன்னார். மெய்ம்மையைத் தேடிப் புறப்பட்டவர் முதலடியை ஒரு மறைப்போடு எடுத்துவைக்க நேர்ந்ததை அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். ஊரார் பலவாறு பேசினர். அரசர் சினத்துக்கு அஞ்சி ஓடுகிறார் என்றனர் சிலர். தீய கண் பட்டது என்றனர் சிலர். இவ்வளவு உயர்ந்த பதவியை ஒருவர் இறைவனுக்காகத் துறக்கக்கூடும் என்பது அக்கற்றோர் எவர்க்கும் தோன்றவில்லை.

டமாஸ்கஸ் நகரில் அவர் இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் தங்கினார் என்று எழுதியுள்ளார். அந்நகரின் பெரிய பள்ளிவாசலின் கோபுரத்தில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருப்பார். அங்கு அவரை எவரும் அறியார். ஒருநாள் அவ்வூர்க் கல்விச்சாலையொன்றுக்குள் நுழைந்தபோது, ஆசிரியர் ஒருவர் கஸ்ஸாலியின் கருத்து இன்னதென்று எடுத்துக்காட்டிப் பாடஞ்சொல்வதைக் கேட்டாராம். தம் பெயர் காதில் விழுந்ததும் உள்ளத்தில் பழைய செருக்குத் தலைதூக்குமோ என்று அஞ்சி அந்நகரையே விட்டு அகன்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அது நடந்ததோ இல்லையோ, அவர் எதற்கு அஞ்சினார் என்பதை அக்கதை தெளிவாகக் காட்டுகின்றது.

ஜெரூசலத்துக்கும் சென்று, பாறைமேல் எழுந்த குவிமாடத்தினுள் தனித்திருந்து வழிபட்டார். சிலுவைப் போர்வீரர் அந்நகரைக் கைப்பற்றியது 1099 ஆம் ஆண்டில். கஸ்ஸாலி அங்கிருந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்னர். பின்பு ஹெப்ரான் நகரில், இப்ராகீம் நபியின் அடக்கவிடத்தில் நின்று மூன்று உறுதிகள் மேற்கொண்டார். அரசரின் அவைக்குச் செல்வதில்லை. அரசரின் பொருளை ஏற்பதில்லை. எவரோடும் வாதப்போர் புரிவதில்லை. தம்மை உயர்த்திய ஏணியின் படிகள் எவையோ அவற்றையே ஒவ்வொன்றாக வெட்டியெறிந்தார். அங்கிருந்து மக்காவுக்கும் மதீனாவுக்கும் சென்று ஹஜ் கடமையை நிறைவேற்றினார். முழுத்துறவியாகவே இருந்துவிட எண்ணிய அவரை, மக்களின் நினைவும் அவர்களது அழைப்பும் சொந்த ஊருக்கு இழுத்துவந்தன. வழியில் பாக்தாதில் அவரைக் கண்டவர்கள் அவர் உடையை மறுபடியும் மதிப்பிட்டனர். 500 தீனாராக இருந்தது இப்போது 15 கீராத்து. ஒரு தீனாருக்கும் குறைவு.

இவ்வாறு தனிமையிற் கழிந்த ஆண்டுகள் பத்துக்கு மேற்பட்டவை. அக்காலத்தில் எழுந்ததே ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூல். சமய அறிவுகளுக்குப் புத்துயிர் ஊட்டுதல் என்பது அதன் பொருள். அதில் 40 பகுதிகள் உள்ளன. அவை வழிபாடு, வாழ்க்கை முறை, அழிக்கும் குணங்கள், காக்கும் குணங்கள் என நான்கு பிரிவுகளாக, பிரிவுக்குப் பத்தாக அமைந்தவை. தொழுகை, நோன்பு, தருமம், ஹஜ் முதலிய கடமைகளின் புறவிதிகளை முன்னோர் விரிவாக எழுதியிருந்தனர். கஸ்ஸாலி அவ்விதிகளுள் ஒன்றையும் தளர்த்தவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன நிகழவேண்டும் என்று கேட்டார். தொழுபவனுடைய உடல் வளைந்து நிமிர்கின்றது. உள்ளம் கடைத்தெருவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்குத் தொழுதது யார்? உண்ணாமலும் பருகாமலும் இருப்பது பொதுமக்களின் நோன்பு. கண்ணும் காதும் நாவும் தீமையிலிருந்து விலகியிருப்பது அதனினும் உயர்ந்த நோன்பு. நெஞ்சம் இறைவனையன்றி வேறெதனையும் நாடாதிருப்பது எல்லாவற்றினும் உயர்ந்த நோன்பு என்று அவர் தரம் பிரிக்கின்றார். பகலெல்லாம் பட்டினி கிடந்து பிறரைப் புறங்கூறித் திரிபவன் பெற்றது பசி ஒன்றே.

கருத்தைக் கதையாகச் சொல்வதில் கஸ்ஸாலி வல்லவர். தூய எண்ணத்தைப் பற்றிய பகுதியில் அவர் கூறும் கதையொன்று வருமாறு:

ஓர் ஊரில் மக்கள் இறைவனை விட்டுவிட்டு ஒரு மரத்தை வணங்கினர். அதைக் கேள்வியுற்ற வணக்கசாலி ஒருவன் சினங்கொண்டு, மரத்தை வெட்டக் கோடரியுடன் புறப்பட்டான். வழியில் ஷைத்தான் முதியவன் வடிவில் வந்து தடுத்தான். இருவரும் மற்போர் செய்தனர். வணக்கசாலி ஷைத்தானைக் கீழே தள்ளி மார்பின்மேல் அமர்ந்தான். வலிமையால் வெல்ல முடியாது என்று கண்ட ஷைத்தான் பேரம் பேசினான். வணக்கசாலி ஏழை, பிறர் கொடுப்பதை உண்பவன். மரத்தை வெட்டாமல் திரும்பினால், நாள்தோறும் தலைமாட்டில் இரண்டு பொற்காசுகள் வைப்பதாகவும், அதைக்கொண்டு அவன் குடும்பத்தையும் காக்கலாம், ஏழைகளுக்கும் கொடுக்கலாம் என்றும் ஷைத்தான் ஆசை காட்டினான். வணக்கசாலி சிந்தித்தான். மரம் ஒன்றை வெட்டுவதினும் பல ஏழைகளின் பசி தீர்ப்பது நல்லதன்றோ என்று தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொண்டு திரும்பினான். மறுநாள் காலையில் இரண்டு காசுகள் இருந்தன. அடுத்த நாளும் இருந்தன. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. சினம் பொங்கக் கோடரியைத் தூக்கிக்கொண்டு மரத்தை நோக்கி ஓடினான். முதியவன் மீண்டும் எதிர்ப்பட்டான். இம்முறை வணக்கசாலி சிட்டுக்குருவிபோல் அவன் கையில் அகப்பட்டுக் கீழே விழுந்தான். அன்று எளிதாக வென்ற தான் இன்று தோற்றது எவ்வாறு என்று வியந்து கேட்டான். அன்று அவன் சினந்தது இறைவன் பொருட்டு. இன்று சினந்தது இரண்டு காசுகளின் பொருட்டு. இதுவே ஷைத்தான் தந்த விடை.

கோடரி அதுவே, மரமும் அதுவே, நடந்த வழியும் அதுவே. பாக்தாதில் முந்நூறு மாணவர் முன்னிலையில் தம் நா ஏன் கட்டுண்டது என்பதைக் கஸ்ஸாலி இக்கதையில் எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மற்றொரு கதையில் சீன ஓவியரும் ரோம நாட்டு ஓவியரும் அரசன்முன் போட்டியிடுகின்றனர். ஒரே கூடத்தின் இருபுறங்களை அவர்களுக்கு ஒதுக்கி, நடுவே திரையிட்டனர். ரோமர் அரிய வண்ணங்கள் பலவற்றைச் சேர்த்துத் தீட்டினர். சீனர் வண்ணமே கேட்கவில்லை. தம் பக்கத்துச் சுவரை நாள்தோறும் தேய்த்து மெருகேற்றிக்கொண்டேயிருந்தனர். திரையை விலக்கியபோது ரோமர் தீட்டிய ஓவியம் முழுவதும் சீனரின் சுவரிற் படிந்து, முன்னினும் ஒளியோடு விளங்கிற்று. அறிஞர் நெஞ்சில் வண்ணம் தீட்டுகின்றனர். சூபிகள் நெஞ்சைத் தேய்த்துத் தூய்மை செய்கின்றனர் என்பது கஸ்ஸாலியின் கருத்து. இரண்டையும் செய்து பார்த்தவர் அவர்.

தொடக்கத்திற் கூறிய ‘கீமியாயே சஆதத்’ என்னும் நூலை அவர் எளிய மக்களும் படிக்கும் வண்ணம் பாரசீக மொழியில் எழுதினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதை அடைவதிலேயே இன்பம் காண்கின்றது என்பது அதில் அவர் கூறும் அடிப்படை. கண்ணுக்கு இன்பம் அழகிய காட்சி. காதுக்கு இன்பம் இனிய ஓசை. உள்ளம் படைக்கப்பட்டது அறிவதற்காக. சதுரங்கம் கற்றவன்கூட, தான் அறிந்ததைப் பிறர்க்குக் காட்டாமல் இருக்க முடியாமல் தவிக்கின்றான். அற்பமான அறிவிலேயே அத்துணை இன்பம். அமைச்சனோடு பழக்கமுற்றவன் மகிழ்கிறான். அரசனோடு பழக்கமுற்றவன் மேலும் மகிழ்கிறான். எல்லா அரசர்க்கும் அரசனாகிய இறைவனை அறிவதில் விளையும் இன்பத்துக்கு எல்லை ஏது என்று அவர் கேட்கின்றார். அமைச்சரின் பழக்கத்தையும் அரசரின் பழக்கத்தையும் துய்த்து அலுத்தவர் கேட்ட கேள்வி அது. எனவே இறைவனுக்குக் கீழ்ப்படிதல் அவருக்கு இன்பத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் சரக்கன்று. உண்மை நம்பிக்கையோடு செய்யும் வணக்கம், துருவேறிய கண்ணாடியைத் துலக்குவது போன்றது. துலக்குங்கால் கை வலிக்கும், துலங்கியபின் முகம் தெரியும்.

1106 ஆம் ஆண்டில், நிஜாமுல் முல்க்கின் மகனும் அமைச்சருமாகிய பக்ருல் முல்க் வற்புறுத்தியதன்மேல், கஸ்ஸாலி நைசாப்பூர்க் கல்லூரியில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார். துறந்த பதவியை மீண்டும் ஏற்றது முறையா என்று கேட்டோர்க்கு அவர் விளக்கம் தந்தார். முன்பு, பெருமையை ஈட்டும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பெருமையைத் துறக்கும் கல்வியைப் போதிப்பதாகவும் கூறினார். கற்பிக்கும் தொழில் ஒன்றே. கற்பிக்கும் மனிதர் வேறு. முன்னர்க் கூறிய அப்துல் காபிர் இப்போது மறுபடியும் அவரை அணுகிப் பார்த்தார். இந்தப் பணிவு வெறும் வேடம் என்றே அவர் முதலில் ஐயுற்றார். பலமுறை சென்று பழகி ஆராய்ந்தபின், தாம் ஐயுற்றது தவறு என்றும், செருக்கு நீங்கி இவர் நலம் பெற்றது மெய்யே என்றும் எழுதி வைத்தார். எளிதில் ஏமாறாதவர் அளித்த சான்றாகலின் இதற்கு மதிப்பு மிகுதி.

நைசாப்பூரில் அவர் நெடுங்காலம் இருக்கவில்லை. தூஸ் நகருக்குத் திரும்பி, தம் வீட்டருகே மாணவர்க்கு ஒரு கல்விச்சாலையும் சூபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்துக்கொண்டார். பாக்தாத் கல்லூரியின் பழைய பதவி மீண்டும் அழைத்தது. ஹெப்ரானில் மேற்கொண்ட உறுதியை நினைவூட்டி அதை மறுத்துவிட்டார். அவருடைய நூல்களின் கதை அவர் கையை விட்டுத் தனிவழியே சென்றது. 1109 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கொர்தோவாவில் ‘இஹ்யா’ தீயிலிடப்பட்டது. சட்டநூல் கற்றோரை அதில் அவர் கடிந்து எழுதியிருந்ததை அங்குள்ளோர் பொறுக்கவில்லை. ஐரோப்பாவிலோ, தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுப்பதற்குமுன் அவற்றைத் தொகுத்து அவர் எழுதிய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பரவியது. அதனால் அங்குள்ளோர் நெடுங்காலம் அவரையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராக எண்ணியிருந்தனர்!

1111 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18 ஆம் நாள், திங்கட்கிழமை. அன்றைய நிகழ்ச்சியை அவருடைய தம்பி அகமது கூறியதாக வரலாற்றில் உள்ளது. வைகறையில் கஸ்ஸாலி எழுந்து ஒளுச் செய்து தொழுதார். பின்பு தம் கபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி, அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அரசனின் அழைப்புக்குக் கீழ்ப்படிந்து செல்லத் தாம் அணியமாயிருப்பதாக மெல்லக் கூறினார். எந்த அரசனைக் குறித்தார் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கால்களை நீட்டி, கிப்லாத் திசையை நோக்கிப் படுத்தார். ஞாயிறு தோன்றுவதற்குமுன் அவர் உயிர் பிரிந்தது.